புதிய பாடப்பிரிவு தொடங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

பல்கலைக்கழகத் துறை ஒன்று புதிதாக ஒரு பட்டப்படிப்பைத் தொடங்க நினைத்தால், அந்த எண்ணம் முதலில் ‘கருத்துரு’ என்னும் கோப்பாகத்தான் உருப்பெறுகிறது. அந்தக் கோப்பு பாடத்திட்டக் குழுவுக்குப் போய், கல்விக்குழுவைத் தாண்டி, நிதிக்குழுவின் பார்வை பட்டு, கடைசியில் ஆட்சிக்குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். சேர்க்கை அறிவிப்பு அதற்குப் பிறகுதான். தாள்வாரியான பாடப்பொருள், நூற்பட்டியல், மதிப்பீட்டு முறை ஆகியவற்றுக்கு எண்பது, தொண்ணூறு பக்கங்கள் ஒதுக்கப்படும் அந்தக் கோப்பில், படிப்பு எந்தப் பணத்தில் நடக்கும் என்ற கேள்விக்கு மட்டும் பெரும்பாலும் ஒரே ஒரு பக்கம்தான் கிடைக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கருத்துருவை வெளியிலிருந்து வந்த உறுப்பினராக அமர்ந்து படிக்க நேர்ந்தது. நிதிப் பக்கத்தில் ஐந்து ஆண்டுகளுக்கான அட்டவணை இருந்தது. ஒவ்வோர் ஆண்டுக்கும் அனுமதிக்கப்பட்ட இடங்கள் அனைத்தும் நிரம்பும் என்று வைத்துக்கொண்டு, இடங்களின் எண்ணிக்கையைக் கட்டணத்தால் பெருக்கி வரவு எழுதியிருந்தார்கள். இடையில் நிற்பவர் யாரும் இல்லை, கட்டணச் சலுகை பெறுபவர் யாரும் இல்லை, ஐந்தாண்டுகளில் ஆசிரியருக்கு ஓர் ஊதிய உயர்வுகூட இல்லை. மூன்றாம் பருவத்தின் ஒரு தாளுக்கு எந்த நூலை வைப்பது என்பதில் முக்கால் மணி நேரம் விவாதித்த நாங்கள், அந்த அட்டவணையை இரண்டு நிமிடத்தில் புரட்டிவிட்டோம். நானும் எதுவும் கேட்கவில்லை.

வழக்கமான பாடப்பிரிவு ஒன்றைக் கூட்டுவதற்கும், பல்கலைக்கழகம் தன் திசையையே மாற்றிக்கொள்ளும் நோக்கத்தோடு தொடங்கும் ‘உத்திசார்’ படிப்புக்கும் வேறுபாடு உண்டு. தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு, குறைக்கடத்தித் தொழில்நுட்பம், இணையவழிப் பட்டம், வெளிநாட்டு வளாகம் போன்றவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. புதிய மாணவர்களையும் புதிய வருவாயையும் தரவரிசையில் ஓர் ஏற்றத்தையும் எதிர்பார்த்தே இவற்றைத் தொடங்குகிறார்கள். எதிர்பார்ப்பு பெரிது என்பதால் இவற்றுக்குக் கல்வித் திட்டத்தோடு வணிகத் திட்டமும் தேவைப்படுகிறது. ‘வணிகம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பேராசிரியர்களில் பலர் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் ஓய்வூதியம் எந்தத் தேதியில் வரும் என்று மாதந்தோறும் விசாரித்துக் கொண்டிருக்கும் மாநிலப் பல்கலைக்கழகங்களில், வரவு செலவைப் பேசாமல் கல்வியின் தூய்மையைக் காப்பாற்றிவிட முடியாது.

எண்களை வைத்தே பார்க்கலாம். இது எந்தக் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்தின் கணக்கும் அல்ல, விளக்கத்துக்காக நான் போட்டுக்கொள்வது. தரவு அறிவியலில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 40 இடங்கள், கட்டணம் ஆண்டுக்கு 60,000 ரூபாய். நிரந்தர உதவிப் பேராசிரியர்கள் மூவர் தேவை. ஏழாவது ஊதியக்குழுவின்படி ஓர் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் நிறுவனம் செலுத்தும் ஓய்வூதியப் பங்கும் சேர்ந்தால் மாதம் ஏறத்தாழ ஒரு லட்சம், ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் ஆகும். மூவருக்கு 36 லட்சம். ஆய்வக உதவியாளர், மென்பொருள், மின்சாரம், தேர்வுச் செலவு எல்லாவற்றுக்குமாக 6 லட்சம் என்று குறைத்தே வைப்போம். மொத்தம் 42 லட்சம். இரண்டு ஆண்டு வகுப்புகளும் சேர்ந்து 70 மாணவர் இருந்தால் வரவும் செலவும் சரியாகும். இருப்பவை 80 இடங்கள். பரவாயில்லை என்றே தோன்றும்.

இப்போது பல்கலைக்கழகத்தின் பொதுச்செலவைச் சேர்க்க வேண்டும். நூலகம், விடுதி, நிர்வாகக் கட்டடம், பாதுகாவலர், பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றுக்கு எந்தத் துறையும் தனியாகப் பணம் கட்டுவதில்லை என்றாலும், அவை இல்லாமல் எந்தத் துறையும் இயங்காது. அதற்காகக் கட்டண வருவாயில் 20 விழுக்காட்டைப் பொது நிதிக்கு எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொண்டால், ஒரு மாணவரிடமிருந்து துறையின் கைக்கு வருவது 48,000 ரூபாய்தான். 42 லட்சத்தை 48,000 ஆல் வகுத்தால் 87.5 வருகிறது. அதாவது 88 மாணவர் தேவை, இருப்பதோ 80 இடம். எல்லா இடங்களும் நிரம்பினாலும் நட்டத்தில்தான் ஓடும் என்று தொடங்கும் முன்பே தெரிந்த படிப்பு இது.

நடைமுறை இன்னும் கடினமானது. முதல் ஆண்டில் 28 பேர் சேர்ந்து, அவர்களில் மூவர் வேறிடம் போய்விட, அடுத்த ஆண்டு 32 பேர் புதிதாகச் சேர்ந்தால் வகுப்பில் இருப்பவர் 57 பேர். பொதுச்செலவைக் கழிக்காமலே வரவு 34 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். 42 லட்சத்துக்கு ஏறத்தாழ 8 லட்சம் குறைகிறது. சுயநிதிப் பாடப்பிரிவு என்று பெயர் வைத்துத் தொடங்கியதற்கு அரசிடம் போய் இந்தப் பணத்தைக் கேட்கவும் முடியாது.

பிறகு எப்படி இத்தனை படிப்புகள் ஓடிக்கொண்டிருக்கின்றன? மூன்று உதவிப் பேராசிரியர்களின் இடத்தில், தற்காலிகமாகத் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தும் மூன்று கௌரவ விரிவுரையாளர்களை வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளரின் மாத ஊதியம் 2023இல்தான் 20,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்ந்தது, அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம் மட்டுமே. பல்கலைக்கழகத் துறைகளின் விகிதங்கள் இடத்துக்கு இடம் மாறும் என்றாலும் இந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். மூவருக்கும் ஆண்டுக்கு 8 லட்சத்து 25 ஆயிரம். இதர செலவோடு சேர்த்து 14 லட்சத்து 25 ஆயிரம். பொதுச்செலவைக் கழித்த பிறகும் 30 மாணவர் இருந்தால் போதும், படிப்பு தன் காலில் நிற்கும். 88 என்ற எண் 30 ஆகச் சுருங்கியது பாடத்திட்டத்தின் சிறப்பாலோ நிர்வாகத் திறத்தாலோ அல்ல. முனைவர் பட்டம் பெற்று, தேசியத் தகுதித் தேர்வும் எழுதித் தேறிய மூவர் தம் ஊதியத்தில் விட்டுக்கொடுத்த தொகைதான் அந்த இடைவெளியை நிரப்புகிறது.

கருத்துருவில் எழுதப்படாத மிகப் பெரிய மானியம் இதுவே. மற்ற மானியங்களைப் போல இதுவும் ஒருநாள் நிற்கக்கூடும். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை என்பது 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வகுத்த அளவு, அதைத் தர வேண்டும் என்று கௌரவ விரிவுரையாளர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். அது நடைமுறைக்கு வந்தால் நம் கணக்கின்படி 30 மாணவர் போதாது, 47 பேர் வேண்டும். வணிகத் திட்டம் என்ற பெயருக்குத் தகுதியான ஆவணம் இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிக் காட்ட வேண்டும்.

பிறர் கையில் இருக்கும் எண்கள்

தனியார் நிறுவனம் புதிய பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும்போது, விலையையும் அளவையும் ஆட்களின் எண்ணிக்கையையும் பெருமளவு தானே தீர்மானிக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இவற்றில் ஒன்றுகூட முழுமையாகச் சொந்தமில்லை. இடங்களின் எண்ணிக்கையைத் தொழில்நுட்பப் படிப்பென்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) விதிமுறைகள் கட்டுப்படுத்துகின்றன. தொலைநிலைப் படிப்பென்றால் யுஜிசியின் அங்கீகாரமும், கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் அமைப்பின் மதிப்பெண்ணும் குறுக்கே நிற்கின்றன. இடஒதுக்கீடு சட்டத்தின் கையில், ஊதியம் ஊதியக்குழுவின் கையில், நிரந்தரப் பணியிடம் அரசின் அனுமதியில்.

கட்டணமும் அப்படித்தான். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளை எடுத்துக்கொண்டால், 2017இல் கட்டண நிர்ணயக் குழு அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 50,000 ரூபாய் என்றும், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய் என்றும் வரையறுத்தது. அந்த விகிதம் பல ஆண்டுகள் அசையவில்லை. அகவிலைப்படியோ ஆண்டுக்கு இரண்டு முறை உயரும். வரவு ஒரே இடத்தில் நின்றுகொண்டு செலவு மட்டும் ஏறும்போது, முதல் ஆண்டு உபரியாகத் தெரிந்த படிப்பு ஐந்தாம் ஆண்டில் தானாகவே பற்றாக்குறைக்குள் இறங்கிவிடும், யாரும் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை.

கட்டணம் என்று எழுதப்பட்ட தொகை, எழுதிய நாளிலேயே கைக்கு வருவதுமில்லை. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியின மாணவர்களுக்கான உதவித்தொகை, அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு 2021 முதல் அரசே ஏற்கும் முழுக் கட்டணம் ஆகியவை தமிழ்நாட்டு உயர்கல்வியின் பெருமைக்குரிய ஏற்பாடுகள். இவை இல்லையென்றால் வகுப்பறையில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள் என்று சொல்லத்தக்க துறைகள் உண்டு. ஆனால் அந்தத் தொகை அரசின் நிதி ஒதுக்கீடு, சான்றிதழ்ச் சரிபார்ப்பு, கருவூலம் என்று சுற்றி வந்து சேர்வதற்குள், அந்த மாணவர் அடுத்த ஆண்டுக்குப் போயிருப்பார். ஆசிரியரின் ஊதியமோ மாதக் கடைசியில் தரப்பட வேண்டும். ஆண்டு முடிவில் உபரி காட்டும் திட்டமும் நவம்பரில் ஊதியம் போட வழியில்லாமல் திணறலாம். ஆகவே ஐந்தாண்டு வரவு செலவுக்கு முன்பாக முதல் இருபத்து நான்கு மாதங்களின் பணப்புழக்கத்தை மாதவாரியாக எழுதச் சொல்வது நல்லது. அப்படி எழுதத் தொடங்கும்போதுதான் பல கருத்துருக்களின் உண்மை நிலை தெரியவரும்.

வெளியிலிருந்து நிதி வரும் படிப்புகளில் வேறொரு சிக்கல் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியோடு நடந்துவந்த இரண்டு எம்.டெக் படிப்புகள் 2020-21 கல்வியாண்டில் திடீரென நிறுத்தப்பட்டன. மத்திய அரசின் 49.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டும் என்பது நிதி தரும் துறையின் நிபந்தனை, மாநிலச் சட்டமோ 69 விழுக்காடு என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பல்கலைக்கழகம் அந்த ஆண்டு சேர்க்கையே இல்லை என்று அறிவித்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அந்த ஆண்டுக்கு மட்டும் மத்திய ஒதுக்கீட்டின்படி சேர்க்கை நடத்துமாறு உத்தரவானது. படிப்பின் தரத்தில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை, மாணவரும் இருந்தனர், பணமும் இருந்தது. பணத்தோடு வந்த நிபந்தனைதான் பிரச்சினை. நிதி தருபவரின் விதியும் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமும் எங்கே மோதும் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பார்த்து எழுதுவதும் வணிகத் திட்டத்தின் வேலைதான்.

ஒரே ஊற்றை நம்பியவர்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதற்கு முன்பும் ஒரு பெரிய உத்தியை வகுத்துப் பார்த்திருக்கின்றன. அதன் பெயர் அஞ்சல்வழிக் கல்வி. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அதில் இறங்கின. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் பெற நினைத்த எழுத்தர்களும் ஆசிரியர்களும், திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடர நினைத்த பெண்களும் இந்த நிறுவனங்களை நிறைத்தார்கள். அச்சிட்ட பாடங்களுக்கும் வாரயிறுதித் தொடர்பு வகுப்புகளுக்கும் ஆகும் செலவு குறைவு, சேர்பவர் எண்ணிக்கைக்கு எல்லையில்லை. அங்கே மிஞ்சிய பணம் வளாகத்துக்குள் இருந்த துறைகளைத் தாங்கிப் பிடித்தது.

அந்த உபரி நிலையானது என்று நம்பி நிலையான செலவுகளை ஏற்றுக்கொண்டதுதான் பிழை என்று நான் கருதுகிறேன். தொலைநிலைக் கல்வியின் வருவாய் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. அந்தப் பணத்தில் நியமிக்கப்படும் ஊழியரின் ஊதியமோ முப்பது ஆண்டுகள் தொடரும், அதன்பின் ஓய்வூதியமாகவும் நீளும். 2013இல் யுஜிசி மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் மாநில எல்லைக்கு வெளியே மையங்கள் நடத்துவதற்குத் தடை சொன்னது. அதன்பின் வந்த விதிமுறைகள் நாக் மதிப்பெண்ணை நுழைவாயிலில் நிறுத்தின. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இணையவழிப் படிப்புகளும் அதே மாணவர்களைத் தேடி வந்தன.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1929இல் தோன்றிய அந்த நிறுவனத்தில் தேவைக்கு மேல் சேர்ந்திருந்த ஆயிரக்கணக்கான பணியிடங்களின் சுமை நிதி நெருக்கடியாக வெடித்தது. 2013 ஏப்ரலில் அரசு நிர்வாகியை நியமித்து, அதே ஆண்டு தனிச் சட்டம் இயற்றி நிறுவனத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மிகையான ஆசிரியர்களும் அலுவலர்களும் பின்னர் பல கட்டங்களாக அரசுக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கான அங்கீகாரம் 2014-15 கல்வியாண்டு வரைதான் இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்த மாணவர்களின் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் அனுபவத்தில் ஒரு வினோதமான முரண் உண்டு. வருமான வரிச் சட்டத்தின்படி, அரசின் ‘கணிசமான’ நிதியுதவியில் இயங்கும் பல்கலைக்கழகத்துக்கு வரிவிலக்கு உண்டு. மொத்த வரவில் அரசு மானியம் 50 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அது ‘கணிசம்’ என்று விதி சொல்கிறது. அரசின் மானியம் சுருங்கச் சுருங்க, பல்கலைக்கழகம் தானாக ஈட்டும் பணத்தின் பங்கு மொத்த வரவில் கூடிக்கொண்டே போகும். அரசு குறைத்ததை ஈடுகட்ட முயன்ற நிறுவனம், அதே காரணத்தால் அரசு நிறுவனத்துக்குரிய விலக்கை இழக்க நேரும். 2024 பிப்ரவரியில் சுமார் 424 கோடி ரூபாய் வரி நிலுவை என்று சொல்லி வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியபோது, ஊதியம் போடுவதற்கே வழி தேட வேண்டியதாயிற்று. சொந்த வருவாயைப் பெருக்குங்கள் என்று அறிவுரை சொல்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த 50 விழுக்காட்டுக் கோடு தெரியும் என்று தெரியவில்லை. உத்திசார் படிப்பின் வணிகத் திட்டத்தில் வரி பற்றிய ஒரு பத்தி இல்லாமல் இனி யாரும் கையெழுத்துப் போடக்கூடாது.

கையில் இருந்ததிலிருந்து கட்டியவர்கள்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சென்னை ஐஐடி 2020 ஜூனில் தரவு அறிவியலில் இணையவழி இளநிலைப் படிப்பைத் தொடங்கியது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது கொரோனா காலத்தின் உடனடி யோசனை போலத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அதன் அடித்தளம் 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தில் இருக்கிறது. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்திய அந்தத் திட்டத்தில் பல ஆண்டுகள் காணொளிப் பாடங்கள் தயாரித்து, 2014 முதல் இணையவழிச் சான்றிதழ்ப் படிப்புகளும் நடத்தி, நாடெங்கும் உள்ள மையங்களில் நேரடித் தேர்வு வைத்துப் பழகியிருந்தார்கள். பாடம் பதிவு செய்யத் தெரிந்த ஆசிரியர், தேர்வு நடத்தத் தெரிந்த அமைப்பு, பெயர் தெரிந்த மாணவர் கூட்டம் ஆகிய மூன்றும் முன்பே தயார். புதிதாகச் சேர்த்தது பட்டம் வழங்கும் கட்டமைப்பைத்தான்.

அந்தக் கட்டமைப்பை வகுத்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஐஐடிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுத வேண்டியதில்லை. நான்கு வாரப் பாடத்தைப் படித்து, அதிலிருந்தே வைக்கப்படும் தகுதித் தேர்வில் தேறினால் இடம் உண்டு. இத்தனை இடம்தான் என்ற வரம்பு இல்லாததால், நிரம்பாத இருக்கை என்ற நட்டமும் இல்லை. கட்டணம் ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக இல்லாமல், எடுக்கும் பாடத்துக்கு ஏற்பக் கட்டப்படுகிறது. சமூகப் பிரிவையும் குடும்ப வருமானத்தையும் பொறுத்து 75 விழுக்காடு வரை சலுகை உண்டு. 142 மதிப்பலகுகள் (கிரெடிட்) கொண்ட முழுப் படிப்பு நான்கு நிலைகளாகப் பிரிந்திருக்கிறது. 32 மதிப்பலகுகள் கொண்ட அடிப்படை நிலையை முடித்தவர் சான்றிதழோடு வெளியேறலாம், அடுத்த நிலைகளில் பட்டயத்தோடும் பட்டத்தோடும் போகலாம். இடைநிற்றல் என்பது வழக்கமான படிப்பில் மாணவருக்கும் நிறுவனத்துக்கும் இழப்பு. இங்கே பாதியில் போகிறவர் கையிலும் ஏதோ ஒன்று இருக்கிறது, நிறுவனமும் அவர் படித்த அளவுக்கான கட்டணத்தைப் பெற்றிருக்கிறது. மாணவருக்கு நல்லது எதுவோ அதுவே நிறுவனத்தின் கணக்குக்கும் ஒத்துவருமாறு அமைவது அரிது, இங்கே அமைந்திருக்கிறது.

இதைப் பார்த்த வேகத்தில், நாமும் இணையவழிப் பட்டம் தொடங்கலாம் என்று சில பல்கலைக்கழகங்களில் பேச்சு எழுவதைக் கேட்டிருக்கிறேன். ஐஐடியின் பெயரும் பதினேழு ஆண்டுப் பயிற்சியும் இல்லாமல் அதே அச்சில் வார்ப்பது கடினம். அதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது, கையில் ஏற்கெனவே எது இருக்கிறது என்ற கேள்வியோடு தொடங்குவது. பதினாறு தாள்கள் கொண்ட ஒரு முதுகலைப் படிப்பில் ஏழெட்டுத் தாள்களைப் புள்ளியியல், கணிதம், கணினி அறிவியல் துறைகளில் நடக்கும் வகுப்புகளிலேயே உட்கார வைக்க முடிந்தால், நம் கணக்கின் மூன்று நிரந்தர ஆசிரியர்களில் இருவரோடு தொடங்கலாம். செலவு 42 லட்சத்திலிருந்து 30 லட்சமாகும். பொதுச்செலவைக் கழித்தும் 63 மாணவர் போதும், 80 இடங்களுக்குள் அடங்கும். கௌரவ விரிவுரையாளரின் வயிற்றில் அடிக்காமல் கணக்கைச் சமன் செய்ய இருக்கும் வழி இதுதான். இதற்குத் தேவை துறைத்தலைவர்கள் ஒரே கால அட்டவணைக்கு ஒத்துக்கொள்வது. பணம் திரட்டுவதைவிட அது கடினமாக இருக்கும் இடங்களும் உண்டு.

விருப்பத் தாள்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து விருப்பத் தாள்களை அறிவித்து, ஒவ்வொன்றிலும் ஆறேழு பேர் உட்காரும் வகுப்பு, கருத்துருவில் பாடத்திட்டத்தின் செழுமையாகத் தெரியும். நிதிப் பக்கத்தில் அது ஐந்து ஆசிரியர்களின் நேரம். இரண்டு பக்கங்களையும் ஒரே ஆள் படித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று ஆண்டும் நான்கு ஆண்டும்

ஒரு படிப்பை யோசித்து, ஒப்புதல் வாங்கி, முதல் மாணவரைச் சேர்க்க ஓராண்டு, ஈராண்டு ஆகும். இளநிலைத் தொழில்நுட்பப் படிப்பென்றால் முதல் தொகுதி வெளிவர மேலும் நான்கு ஆண்டுகள். எந்தச் சந்தையைப் பார்த்துப் படிப்பைத் தொடங்கினோமோ அந்தச் சந்தை ஆறு ஆண்டுகள் அப்படியே காத்திருக்காது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியிருந்தபோது, இயந்திரவியலுக்கும் கட்டடவியலுக்கும் கூடுதல் வகுப்புக் கேட்டு விண்ணப்பித்த கல்லூரிகள் உண்டு. அதே கல்லூரிகளில் சில அந்தப் பிரிவுகளை மூடிவிட்டு, செயற்கை நுண்ணறிவு என்று பலகையை மாற்றியிருக்கின்றன. 2024-25 முதல் நன்றாக இயங்கும் நிறுவனங்களுக்கு இட உச்சவரம்பை ஏஐசிடிஇ நீக்கியபின், கணினி சார்ந்த பிரிவுகளின் இடங்கள் இன்னும் பெருகின. இன்று இதில் சேர்பவர் எத்தனை பேர் என்பதைவிட, இதே ஊரில் இன்னும் எத்தனை பேர் இதே படிப்பைத் தொடங்குகிறார்கள் என்பதே திட்டமிடுபவருக்குப் பயன்படும் கேள்வி.

இந்த ஆறு ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். தன் முதல் ஆண்டிலேயே அவர் ஒரு பி.டெக் படிப்பைத் தொடங்கினாலும் அதன் முதல் தொகுதி பட்டம் பெறும் மேடையில் அவர் இருக்கமாட்டார். தொடக்க விழாவின் புகைப்படம் ஒருவருக்கும், நான்காம் ஆண்டின் பற்றாக்குறை இன்னொருவருக்கும் வாய்க்கிறது. பதவி காலியாகவே கிடக்கும் காலமும் வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் காலம் முடிந்தபின், ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான வழக்கு நீண்டதால் ஒருங்கிணைப்புக் குழுவே நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டது. அன்றாடக் கோப்புகளை நகர்த்தவே திணறும் குழுவிடம் நீண்டகால உத்தியை எதிர்பார்ப்பது நியாயமல்ல. அதனால்தான் திட்டம் ஓர் ஆளின் நினைவில் இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். சேர்க்கை எந்த எண்ணுக்குக் கீழே போனால் மறு ஆய்வு, எத்தனை ஆண்டு தொடர்ந்து குறைந்தால் நிறுத்தம், முடிவெடுப்பது யார் என்பவற்றை, மனம் குளிர்ந்திருக்கும் தொடக்க நாளிலேயே எழுதிவைப்பது எளிது.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மே மாதம் ஓர் எடுத்துக்காட்டு. 2010இல் தொடங்கப்பட்ட தமிழ்வழிப் பொறியியல் படிப்புகளில் சேர்க்கை குறைந்துவிட்டது என்று காரணம் சொல்லி, உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழிக் கட்டடவியலையும் இயந்திரவியலையும் நிறுத்துவதாக அண்ணா பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அறிவிப்பு கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் கேட்டதில் பொருள் இருந்தது: பதின்மூன்று ஆண்டுகளில் தமிழ்வழி மாணவருக்குப் பாடநூலும் வேலைவாய்ப்பு வழிகாட்டுதலும் எந்த அளவுக்குத் தரப்பட்டன? பல்கலைக்கழகம் சொன்னதிலும் பொருள் இருந்தது: மாணவர் இல்லாத வகுப்புக்கு ஆசிரியரை எப்படி ஒதுக்குவது? சமூக நோக்கத்துக்காக நட்டத்தைத் தாங்கி ஒரு படிப்பை நடத்துவது தவறே இல்லை. ஆனால் ஆண்டுக்கு எவ்வளவு நட்டத்தை, எந்த நிதியிலிருந்து, என்ன பயனை எதிர்பார்த்துத் தாங்குகிறோம் என்று முன்பே சொல்லியிருந்தால், அந்த விவாதம் ஒரு திடீர் அறிவிப்பிலும் திடீர் பின்வாங்கலிலும் முடிந்திருக்காது.

படிப்பை நிறுத்தினால் அன்றோடு செலவு நிற்காது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சேர்ந்த தொகுதிக்கு நான்கு ஆண்டும் வகுப்பு நடத்தியாக வேண்டும். வரவு ஆண்டுக்கு ஆண்டு குறையும், ஆசிரியர்கள் மட்டும் அப்படியே இருப்பார்கள். வகுப்புகள் முடிந்தபின் அரியர் வரும். அண்ணா பல்கலைக்கழகம் 2021இல், இருபது ஆண்டுகளுக்கு முன் படித்து அரியர் வைத்திருந்தவர்களுக்கும் சிறப்பு வாய்ப்பு அளித்துத் தேர்வு நடத்தியது. இடையில் பாடத்திட்டம் பலமுறை மாறியிருந்தது. ஆசிரியரும் ஆய்வகமும் வேறு துறைக்குப் போய், பெயர்ப் பலகையும் இறக்கப்பட்ட பிறகும், ஒரு படிப்பின் பழைய விதிமுறைப்படி வினாத்தாள் எடுக்க ஒருவரையும், திருத்த இன்னொருவரையும் யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த வினாத்தாளுக்கான மதிப்பூதியத்தை ஐந்தாண்டு அட்டவணையில் எழுதிவைத்த கருத்துரு ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.